காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சையில் படவழிகாட்டல்: அதன் துல்லியம் பற்றி நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

உங்களுக்கோ உங்கள் குழந்தைக்கோ காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்த வேண்டும் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் கூறியிருக்கலாம். அதன் பின்னர், “நேவிகேஷன்”, “கணினி வழிகாட்டும் அறுவை சிகிச்சை”, “ரோபோ உதவியுடன் அறுவை சிகிச்சை” போன்ற சொற்களை உறவினர் வாயிலாகவோ விளம்பரங்கள் வாயிலாகவோ நீங்கள் அறிய நேரிடலாம். அந்தக் கருவி உள்ள மருத்துவமனையைத் தேடிச் செல்ல வேண்டுமா, அது இல்லாத இடத்தில் சிகிச்சை பெற்றால் பாதுகாப்பு குறையுமா, அதற்காகச் சில மாதங்கள் காத்திருக்கலாமா என்ற ஐயங்கள் எழுவது இயல்பே. படவழிகாட்டல் எவ்வாறு இயங்குகிறது, அதன் துல்லியம் எவ்வளவு, எவருக்கு அது தேவைப்படுகிறது என்பனவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியச் செய்திகள்

• காதின் அமைப்பு இயல்பாக உள்ள பெரும்பாலானோருக்கு, படவழிகாட்டல் கருவி இன்றியே காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சை பாதுகாப்பாகச் செய்யப்படுகிறது.
• பிறவியிலேயே உள்காது மாறுபட்டு அமைந்தவர்கள், காக்ளியாவில் எலும்பு வளர்ந்து அடைபட்டவர்கள், முன்பே அதே காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்குப் படவழிகாட்டல் உதவியாக இருக்கும்.
• கருவியின் திரையில் தோன்றும் துல்லிய எண்ணும், காதின் ஆழத்தில் கிடைக்கும் உண்மையான துல்லியமும் ஒன்றல்ல.
• குழந்தைகளைப் பொறுத்தவரை, உரிய வயதில் சிகிச்சை பெறுவதும் அதன்பின் பேச்சுப் பயிற்சியைத் தொடர்வதும் மிக முக்கியமானவை. கருவிக்காகக் காலம் தாழ்த்துவது குழந்தையின் மொழி வளர்ச்சியைப் பாதிக்கும்.

காக்ளியர் இம்ப்ளாண்ட் என்பது என்ன?

நம் உள்காதில் காக்ளியா என்னும் உறுப்பு உள்ளது. பட்டாணி அளவே உள்ள இது, நத்தைக் கூட்டைப் போல ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கிறது. இதன் உள்ளே நீர்மம் நிறைந்த மூன்று அறைகள் உண்டு. அங்குள்ள நுண்மயிர் செல்கள் ஒலியின் அதிர்வை மின் குறிப்புகளாக மாற்றிச் செவி நரம்புக்கு அளிக்கின்றன. இந்தச் செல்கள் பெருமளவு பழுதுபட்டால், ஒலியைப் பெருக்கித் தரும் சாதாரணக் காதுக் கருவி போதிய பயன் தருவதில்லை.

காக்ளியர் இம்ப்ளாண்ட், பழுதுபட்ட செல்களைத் தவிர்த்துவிட்டுச் செவி நரம்பை நேரடியாக மின்தூண்டல் செய்கிறது. காதின் வெளியே அணியும் பகுதி ஒலியைப் பெற்று, குறிப்புகளாக மாற்றி, தோலின் வழியே உள்ளே அனுப்புகிறது. தோலுக்கு அடியில் பொருத்தப்படும் பகுதி அக்குறிப்புகளைப் பெற்று, காக்ளியாவினுள் செலுத்தப்பட்ட மெல்லிய மின்முனை இழைக்கு அனுப்புகிறது. தயாரிப்பு நிறுவனத்தைப் பொறுத்து இந்த இழையில் 12 முதல் 22 வரையிலான மின்முனைகள் இருக்கும். இழை சரியான அறையினுள், மென்மையான உட்பகுதிகளைச் சிதைக்காமல் அமைவதே அறுவை சிகிச்சையின் நோக்கம்.

அறுவை சிகிச்சை செல்லும் பாதை

முழு மயக்க நிலையில், காதின் பின்புறத்தில் தோலைத் திறந்து, அங்குள்ள எலும்பை நுண்ணோக்கியின் துணையுடன் மருத்துவர் சிறிது சிறிதாகக் குடைகிறார். இவ்வெலும்பின் ஆழத்தில் ஒரு குறுகிய இடைவெளி உண்டு. அதன் ஒரு பக்கத்தில் முக நரம்பு செல்கிறது. கண்ணை மூடுவது, சிரிப்பது, வாயை அசைப்பது ஆகிய அனைத்தும் இந்நரம்பின் பணிகள். மறுபக்கத்தில் நாவின் சுவை உணர்வைக் கொண்டுசெல்லும் மெல்லிய நரம்புக் கிளை செல்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அகலம் பொதுவாக 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவே இருக்கும். அந்த இடைவெளியின் வழியே நடுக்காதை அடைந்து, காக்ளியாவின் வட்டச் சாளரம் வாயிலாகவோ அதன் அருகே இடப்படும் சிறு துளை வாயிலாகவோ மின்முனை இழை உள்ளே செலுத்தப்படுகிறது.

பயிற்சி பெற்ற மருத்துவர், எலும்பில் காணப்படும் நிலையான அடையாளங்களைக் கொண்டு இப்பாதையைக் கண்டறிகிறார். முக நரம்பை மூடியுள்ள மெல்லிய எலும்பை நுண்ணோக்கியில் அவரால் நேரில் காண இயலும். முக நரம்பு கண்காணிப்புக் கருவியும் பயன்படுத்தப்படுகிறது. முகத் தசைகளில் வைக்கப்படும் மெல்லிய ஊசிகள் வாயிலாக இயங்கும் இக்கருவி, நரம்பு தூண்டப்பட்டால் உடனே ஒலி எழுப்பி எச்சரிக்கும். இக்காரணங்களால், அனுபவமிக்க மருத்துவர்களின் கைகளில் நிரந்தர முக நரம்புப் பாதிப்பு அரிதாகவே ஏற்படுகிறது.

படவழிகாட்டல் எவ்வாறு இயங்குகிறது?

அறுவை சிகிச்சைக்கு முன்பு எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் படங்களைக் கணினியில் ஏற்றி, காதின் முப்பரிமாண வரைபடம் உருவாக்கப்படுகிறது. அறுவை அரங்கில், நோயாளியின் தலை எங்குள்ளது, மருத்துவரின் கையிலுள்ள கருவியின் முனை எங்குள்ளது என்பதை ஒரு கண்காணிப்பு அமைப்பு தொடர்ந்து கவனிக்கிறது. சில அமைப்புகளில் அகச்சிவப்புக் கேமரா இப்பணியைச் செய்கிறது. வேறு சிலவற்றில் காந்தப்புலம் பயன்படுகிறது. கருவியின் முனை இருக்கும் இடம் கணினித் திரையில் சி.டி. படத்தின் மீது புள்ளியாகத் தோன்றும்.

இதற்கு முன் ஒரு முக்கியமான படி உண்டு. திரையில் உள்ள படத்தையும் மேசையில் உள்ள நோயாளியின் தலையையும் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். இதனை இடப்பொருத்தம் எனலாம். நில அளவையை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். புல வரைபடம் சரியாகவே இருந்தாலும், நிலத்தில் உள்ள அளவைக் கற்களோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே எல்லை எங்கே செல்கிறது என்று கூற முடியும். அதுபோல, படத்திலும் தலையிலும் தெளிவாகத் தெரியும் சில அடையாளப் புள்ளிகளைக் கொண்டு கணினி இரண்டையும் பொருத்துகிறது.

காது அறுவை சிகிச்சையில் ஒரு நன்மை உண்டு. மூளை போன்ற மென்மையான உறுப்பு அறுவையின்போது சற்றே இடம் பெயரக்கூடும். காதைச் சூழ்ந்த எலும்போ மிகக் கடினமானது. அது வடிவம் மாறுவதில்லை. ஆகவே, முன்னரே எடுத்த படம் அறுவையின்போதும் எலும்பின் அமைப்பை உள்ளபடியே காட்டும். குடைந்து நீக்கிய பகுதி மட்டும் படத்தில் பழையபடியே தெரியும்.

துல்லியம் என்பதன் பொருள்

இடப்பொருத்தம் முடிந்தவுடன், பல கருவிகள் திரையில் ஓர் எண்ணைக் காட்டும். எடுத்துக்காட்டாக, “0.6 மில்லிமீட்டர்” என்று அது காட்டலாம். காதினுள் எந்த இடத்திலும் இந்த அளவுக்குள்ளேயே பிழை இருக்கும் என்று இதனைப் பொருள்கொள்ளக் கூடாது. அடையாளப் புள்ளிகள் ஒன்றோடொன்று எவ்வளவு நெருக்கமாகப் பொருந்தின என்பதையே அந்த எண் கூறுகிறது. நோயாளிக்கு முக்கியமானது வேறோர் அளவு: முக நரம்பு, வட்டச் சாளரம் போன்ற இலக்குகள் இருக்கும் ஆழத்தில், திரை காட்டும் இடத்திற்கும் உண்மையான இடத்திற்கும் உள்ள விலகல் எவ்வளவு என்பதே அது.

நில அளவையையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். அளவைக் கற்கள் அனைத்தும் வயலின் ஒரே மூலையில் இருந்தால், அம்மூலையில் வரைபடம் மிக நன்றாகப் பொருந்தும். ஆனால் அங்கே நேர்ந்த சிறு கோணப் பிழை, எதிர் மூலையை அடையும்போது பெரிய விலகலாகிவிடும். அதேபோல, அடையாளப் புள்ளிகள் முகத்தின் முன்புறத்தில் மட்டும் இருந்தால், அங்கிருந்து தள்ளி உள்ள காதின் ஆழத்தில் பிழை கூடும். அடையாளப் புள்ளிகள் காதைச் சூழ்ந்து, இலக்குக்கு அருகில் அமைந்தால் பிழை குறையும்.

இக்காரணத்தால், அனுபவமிக்க மருத்துவர்கள் திரையில் உள்ள எண்ணை மட்டும் நம்புவதில்லை. காதுக் குழாயின் விளிம்பு, நடுக்காதுச் சிற்றெலும்பின் நுனி போன்ற நன்கறிந்த இடங்களைக் கருவியின் முனையால் தொட்டு, திரையும் அதே இடத்தைக் காட்டுகிறதா என்று சரிபார்க்கிறார்கள். அறுவையின் இடையிலும் இச்சோதனையைத் திரும்பச் செய்கிறார்கள். கண்ணால் காண்பதும் திரை காட்டுவதும் மாறுபட்டால், கண்ணால் காண்பதற்கே முதலிடம்.

எவ்வளவு துல்லியம் கிடைக்கிறது?

இடப்பொருத்தம் செய்யப்படும் முறையைப் பொறுத்துத் துல்லியம் மாறுகிறது.

• முகத்தின் மேற்பரப்பை அளவிட்டோ, தோலில் ஒட்டிய குறிகளைக் கொண்டோ பொருத்தும் முறை: நோயாளிக்கு இது எளிது. ஆனால் தோல் அசையும் தன்மை உடையது. பொதுவாக 1 முதல் 2 மில்லிமீட்டர் வரையும், சில வேளைகளில் அதற்கு மேலும் விலகல் இருக்கும்.
• எலும்பில் பதிக்கப்படும் சிறு திருகுகளைக் கொண்டு பொருத்தும் முறை: திருகுகள் அசைவதில்லை என்பதால் விலகலை 1 மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கொண்டுவர இயலும். இதற்குச் சி.டி. ஸ்கேன் எடுப்பதற்கு முன்னரே திருகுகளைப் பதிக்க வேண்டும்.

இந்த அளவுகளை, முன்னர் கூறிய 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலகல் 2 மில்லிமீட்டராக இருந்தால், திரை “பாதுகாப்பான இடம்” என்று காட்டும் புள்ளி உண்மையில் நரம்பின் மீதே இருக்கக்கூடும். எனவே வழக்கமான படவழிகாட்டல் கருவி, மருத்துவர் எந்தப் பகுதியை நெருங்கியிருக்கிறார் என்பதை உறுதிசெய்ய உதவும். இந்தப் புள்ளியில் குடையலாம் என்று முடிவு செய்ய அதை மட்டும் நம்ப இயலாது. அம்முடிவு, நுண்ணோக்கியில் காணும் அமைப்பையும் நரம்பு கண்காணிப்புக் கருவியையும் கொண்டே எடுக்கப்படுகிறது.

விலகல் எங்கிருந்து வருகிறது?

• படம்: சி.டி. படத்தின் அடுக்குகள் தடிமனாக இருந்தால் நுண்ணிய விவரங்கள் மறைந்துவிடும். ஸ்கேன் எடுக்கும்போது தலை அசைந்தாலும் படம் மங்கும். இதனாலேயே காது எலும்புக்கென மெல்லிய அடுக்குகளுடன் தனியாக ஸ்கேன் எடுக்கப்படுகிறது.
• இடப்பொருத்தம்: அடையாளப் புள்ளிகளின் எண்ணிக்கை, அவை பரவியுள்ள விதம், அவற்றைத் தொடும்போது காட்டும் கவனம் ஆகியவை முடிவை மாற்றும்.
• தலைக் குறிப்பான்: நோயாளியின் தலையோடு இணைக்கப்பட்ட குறிப்பான் அறுவையின் இடையில் சற்றே நகர்ந்தாலும் அதன்பின் திரை காட்டும் இடங்கள் அனைத்தும் பிழையாகும்.
• கண்காணிப்பு: கேமராவின் பார்வையை ஒருவர் மறைத்தால் தகவல் தடைபடும். காந்தப்புல அமைப்புகளில், அருகில் உள்ள உலோகக் கருவிகள் அளவீட்டைத் திரிக்கக்கூடும்.
• கருவி: மெல்லிய முனை வளைந்தாலோ தேய்ந்தாலோ உண்மையான முனை ஓரிடத்திலும் திரையில் காட்டும் முனை வேறிடத்திலும் இருக்கும்.

இவை ஒவ்வொன்றும் சிறிதாக இருந்தாலும், சேரும்போது மொத்த விலகல் கூடுகிறது.

குழந்தைகளின் தனி நிலை

பெரியவர்களுக்குத் தலைக் குறிப்பானை உறுதியாகப் பொருத்த, மண்டையோட்டை ஊசிகளால் பற்றும் சட்டத்தைப் பயன்படுத்த முடியும். சிறு குழந்தைகளின் மண்டையோடு மெல்லியது. அத்தகைய சட்டம் அவர்களுக்குப் பொதுவாக ஏற்றதல்ல. பற்களில் பொருத்தும் தகடும் பல் முளைத்துக்கொண்டிருக்கும் வயதில் பயன்படாது. எலும்பில் திருகு பதிப்பதற்கும் எலும்பின் தடிமன் போதுமா என்பதை ஆராய வேண்டும். எனவே, பெரியவர்களிடம் கிடைத்த துல்லிய அளவைக் குழந்தைக்கும் அப்படியே எதிர்பார்க்க இயலாது. உங்கள் குழந்தைக்குப் படவழிகாட்டல் பரிந்துரைக்கப்பட்டால், தலைக் குறிப்பானை எவ்வாறு பொருத்துவார்கள் என்று கேட்டறியுங்கள்.

எவருக்குப் படவழிகாட்டல் உதவும்?

மருத்துவர் வழக்கமாக நம்பும் உடல் அடையாளங்கள் மாறியோ மறைந்தோ இருக்கும்போது இக்கருவி பயன்தரும்.

• பிறவியில் உள்காது மாறுபட்டவர்கள்: சிலருக்குக் காக்ளியா முழுமையாகச் சுருளாமல் இருக்கும், சிலருக்கு அறைகள் பிரியாமல் ஒரே குழியாக அமைந்திருக்கும். இத்தகையோரிடம் முக நரம்பும் வழக்கத்திற்கு மாறான பாதையில் செல்லக்கூடும்.
• காக்ளியா எலும்பாக இறுகியவர்கள்: மூளை உறை அழற்சிக்குப் பின்னர் காக்ளியாவின் அறைகளில் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளலாம். அப்போது அடைபட்ட பகுதியைக் குடைந்து அறையைத் தேட வேண்டியிருக்கும்.
• முன்பு காது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்: சீழ் வடியும் காது நோய்க்காக எலும்பு அகற்றப்பட்டவர்களிடம் வழக்கமான அடையாளங்கள் இருப்பதில்லை.
• விபத்தில் காது எலும்பு முறிந்தவர்களும், எலும்பின் அமைப்பை மாற்றும் நோய் உடையவர்களும்.

இந்நிலைகளில்கூடப் படவழிகாட்டல் ஒரு துணையே. அறுவையின்போதே எக்ஸ்ரே அல்லது சி.டி. படம் எடுத்து, மின்முனை இழை சரியான இடத்தில் உள்ளதா என்று பார்ப்பது பல வேளைகளில் அதனினும் பயனுள்ளதாக அமையும்.

ரோபோ அறுவை சிகிச்சையில் எட்டிய துல்லியம்

வழக்கமான முறையில் எலும்பை அகலமாகக் குடைய வேண்டியுள்ளது. அதற்கு மாற்றாக, காதின் பின்புறத் தோலிலிருந்து காக்ளியா வரை ஒரே நேர்க்கோட்டில் சிறு துளை மட்டும் இட இயலுமா என்று சில ஆய்வுக் குழுக்கள் முயன்றன. மருத்துவரால் நரம்பைக் கண்ணால் காண இயலாத முறை இது. எனவே இதற்கு மிக உயர்ந்த துல்லியம் தேவை.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரப் பல்கலைக்கழகக் குழு இதற்கென ஒரு ரோபோவை உருவாக்கியது. 2013-இல் வெளியான அதன் ஆய்வக முடிவுகளில், இலக்கில் சராசரி விலகல் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் என்று அளவிடப்பட்டது. 2016-இல் முதல் நோயாளிக்கு இம்முறையில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அதன் விவரங்கள் 2017-இல் வெளியாயின. துளையின் விட்டம் 1.8 மில்லிமீட்டர். இங்கும் ரோபோவை மட்டும் நம்பிச் செயல்படவில்லை. எலும்பில் திருகுகளைப் பதித்து இடப்பொருத்தம் செய்தனர். நரம்பை நெருங்குவதற்கு முன் துளையிடுதலை நிறுத்தி, மீண்டும் படம் எடுத்துத் தொலைவை அளந்தனர். நரம்பை மின்தூண்டல் செய்தும் சோதித்தனர். மின்முனை இழையை மருத்துவரே கையால் செலுத்தினார்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு, ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகச் செய்யப்பட்ட சட்டத்தின் வழியே துளையிடும் முறையைப் பின்பற்றியது. 2014-இல் வெளியான அதன் முதல் அறிக்கை 9 நோயாளிகளைப் பற்றியது. அவர்களில் ஒருவருக்கு முக நரம்பு பாதிக்கப்பட்டது. துளையிடும்போது உண்டான வெப்பமே காரணமாகத் தோன்றியது. துளை சரியான பாதையில் சென்றாலும் வெப்பம் நரம்பைப் பாதிக்கலாம் என்பதை இது உணர்த்தியது. இடத்துல்லியம் பாதுகாப்பின் ஒரு பகுதி மட்டுமே.

கருவி காட்டாதவை

படவழிகாட்டல் எலும்பினூடே செல்லும் பாதையைக் காட்டும். மின்முனை இழை காக்ளியாவினுள் நுழைந்தபின் எவ்வாறு வளைகிறது, அதன் நுனி மடிந்துவிட்டதா, மென்மையான சவ்வைத் துளைத்துவிட்டதா என்பனவற்றை வழக்கமான கருவி காட்டுவதில்லை. அவற்றை அறிய வேறு சோதனைகள் உள்ளன. மயக்கம் தெளியும் முன்பே, மின்முனைகளின் மின்தடையை அளந்து ஒவ்வொன்றும் இயங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மின்தூண்டலுக்குச் செவி நரம்பு மறுமொழி அளிக்கிறதா என்பதையும் பதிவு செய்கிறார்கள். தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது.

சிகிச்சைக்குப் பின் ஒருவர் எவ்வளவு நன்றாகக் கேட்பார் என்பதையும் இக்கருவி தீர்மானிப்பதில்லை. காது கேளாமல் இருந்த காலம், செவி நரம்பின் நிலை, சிகிச்சை பெறும் வயது, கருவியை நாள்தோறும் அணியும் நேரம், பேச்சுப் பயிற்சி, குடும்பத்தினரின் ஈடுபாடு ஆகியவை அதில் பெரும் பங்கு வகிக்கின்றன.

கருவிக்காகக் காத்திருக்கலாமா?

பிறவியிலேயே காது கேளாத குழந்தையின் மூளை, ஒலியைப் பொருளோடு இணைக்கக் கற்கும் திறனை முதல் சில ஆண்டுகளிலேயே மிகுதியாகப் பெற்றிருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அத்திறன் குறைகிறது. எனவே, காதின் அமைப்பு இயல்பாக உள்ள குழந்தைக்குப் படவழிகாட்டல் கருவி வேண்டும் என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் பயனில்லை. கருவியால் கிடைக்கும் சிறு நன்மையைக் காட்டிலும் இழக்கும் காலத்தின் மதிப்பு பெரிது.

மூளை உறை அழற்சியால் காது கேளாமை ஏற்பட்டவர்களின் நிலை இன்னும் அவசரமானது. சிலருக்குச் சில வாரங்களிலேயே காக்ளியா அடைபடத் தொடங்கும். இத்தகையோர் உடனடியாகக் காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுக வேண்டும்.

உங்களுக்கு அல்லது உங்கள் குழந்தைக்கு உள்காது அமைப்பு மாறுபட்டிருப்பதாக ஸ்கேன் காட்டினால் நிலைமை வேறு. அப்போது, அத்தகைய காதுகளில் அறுவை செய்து அனுபவம் பெற்ற மையத்திற்கு அனுப்புமாறு மருத்துவரிடம் கேட்பது முறையானது. அந்த மையத்தில் கருவி உண்டா என்று கேட்பதற்கு முன், அத்தகைய அறுவைகளை அங்கு எத்தனை முறை செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வாயிலாகத் தகுதியுள்ள குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் சிகிச்சை அளிக்கப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் ஒன்றிய அரசின் அடிப் திட்டத்திலும் இதற்கு உதவி உண்டு. வயது, வருமானத் தகுதிகளை அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் தெரிந்துகொள்ளுங்கள். படவழிகாட்டலுக்கெனக் கூடுதல் கட்டணம் கேட்கப்பட்டால், அது ஏன் தேவை என்ற மருத்துவக் காரணத்தைக் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

சிகிச்சைக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவை

• முன்பு எடுத்த சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களின் குறுந்தகடுகளைப் பாதுகாத்து எடுத்துச் செல்லுங்கள். அச்சிட்ட படச்சுருளைக் கொண்டு படவழிகாட்டல் செய்ய இயலாது. பழைய படம் போதுமானதாக இருந்தால் குழந்தைக்கு மீண்டும் கதிர்வீச்சு தேவைப்படாது.
• ஸ்கேன் எடுக்கும்போது தலை அசையாமல் இருப்பது மிக முக்கியம். சிறு குழந்தைகளுக்குத் தூக்க மருந்து அளிக்க நேரிடலாம். எவ்வளவு நேரத்திற்கு முன் உணவையும் பாலையும் நிறுத்த வேண்டும் என்ற அறிவுரையைத் தவறாமல் பின்பற்றுங்கள்.
• கருவுற்றிருக்கும் தாய் சி.டி. அறையினுள் குழந்தையுடன் இருக்கக் கூடாது. வேறொருவரை உடன் அனுப்புங்கள்.
• மூளை உறை அழற்சி, தலைக்காயம், காதில் சீழ், முந்தைய காது அறுவை ஆகியவை இருந்திருந்தால் மறைக்காமல் கூறுங்கள்.
• நிமோகாக்கல் தடுப்பூசி உள்ளிட்ட, மருத்துவர் கூறும் தடுப்பூசிகளை அறுவைக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

• ஸ்கேன் படத்தில் காக்ளியா, செவி நரம்பு, முக நரம்பு ஆகியவை இயல்பாக உள்ளனவா?
• எங்கள் நிலையில் படவழிகாட்டல் தேவையா? ஆம் எனில், எந்தக் காரணத்திற்காக?
• இடப்பொருத்தம் எந்த முறையில் செய்யப்படும்? எலும்பில் திருகு பதிக்க வேண்டுமா?
• காதின் ஆழத்தில் துல்லியம் சரியாக உள்ளதா என்பதை அறுவையின்போது எவ்வாறு சரிபார்ப்பீர்கள்?
• முக நரம்பு கண்காணிப்புக் கருவி பயன்படுத்தப்படுமா?
• மின்முனை இழை சரியான இடத்தில் உள்ளது என்பதை அறுவை அரங்கிலேயே உறுதி செய்வீர்களா?
• கருவி பழுதானால் அறுவையை எவ்வாறு தொடர்வீர்கள்?

கடைசிக் கேள்விக்கான விடையைக் கவனமாகக் கேளுங்கள். கருவி இன்றியும் அறுவையைப் பாதுகாப்பாக முடிக்கும் பயிற்சி மருத்துவரிடம் இருக்க வேண்டும்.

அறுவைக்குப் பின் உடனே தெரிவிக்க வேண்டிய அறிகுறிகள்

• முகத்தின் ஒரு பக்கம் தளர்தல், கண்ணை முழுமையாக மூட இயலாமை
• காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீர் வடிதல்
• காய்ச்சலுடன் கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி
• காயத்தில் வீக்கம், சிவத்தல், சீழ்
• நிற்காத கடும் தலைசுற்றல்

இவற்றுள் எதுவும் தோன்றினால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் அறுவை செய்த மருத்துவமனையை அணுகுங்கள். பச்சிளங்குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் சோர்ந்தே இருந்தாலோ உடனே அழைத்துச் செல்லுங்கள். நாவில் சுவை மாறுதலும் லேசான தலைசுற்றலும் சிலருக்கு ஏற்பட்டுப் பின்னர் குறையும். எனினும் பரிசோதனையின்போது அவற்றைக் கூறுங்கள்.

காயம் ஆறிய பின், பொதுவாக 2 முதல் 4 வாரங்களில் வெளிக்கருவி பொருத்தப்பட்டு இயக்கப்படும். அன்று தொடங்கும் கேட்டல் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் பல மாதங்கள், குழந்தைகளுக்குப் பல ஆண்டுகள், தொடர வேண்டியவை. பயிற்சி மையம் வீட்டிற்கு அருகில் உள்ளதா, வாரந்தோறும் எவர் அழைத்துச் செல்வார் என்பனவற்றை அறுவைக்கு முன்பே குடும்பத்தினர் கலந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.